பாம்பிளெமூஸ் ஆமைகளும் கறுப்பு மையும்

நம் பள்ளி ஓவிய வகுப்பில் படித்த யாரும் நம் மொரீஷியஸின் பாம்பிளெமூஸ் தாவரவியல் தோட்டத்து ராட்சத ஆமைகளை மறந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் பென்சில், ரப்பர் எதையும் கொண்டுவர விடமாட்டார். தொட்டு வரையும் பேனா, ஒரு புட்டி இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை, மடியில் அட்டை, அவ்வளவுதான். மையை அழிக்க முடியாது. அதனால் கோடு போடும் முன்பே நன்றாகப் பார்ப்போம் என்பது அவர் கணக்கு.

நம் தீவுக்கே உரிய ராட்சத ஆமைகள் என்றோ அழிந்துவிட்டன. தோட்டத்தில் இருப்பவை இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா தீவின் இனம். ஓட்டின் தகடு ஒவ்வொன்றிலும் வளர்ச்சி வரிகள் வளையம் வளையமாக இருக்கும். கழுத்துக்கு நேர் மேலே, ஓட்டின் விளிம்பில், ஒரு சின்னத் தகடு. விளிம்பை வரைந்துகொண்டு போனபோதுதான் அது என் கண்ணில் பட்டது. பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகளில் உள்ள ராட்சத ஆமைகளுக்கு அந்தத் தகடு கிடையாது என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிழலுக்கு மையைப் பூசக் கூடாது, கோடுகளால்தான் காட்ட வேண்டும். ஓடு வளைகிற பக்கமே கோடும் வளைய வேண்டும், இல்லாவிட்டால் ஓடு தட்டையாகிவிடும். ஆமைதானே, அசையாது என்று நினைக்காதீர்கள். தலையை நீட்டும், உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அதே தாளில் பக்கத்திலேயே இன்னொரு தலையைத் தொடங்கச் சொல்வார். பழையபடி நீட்டினால் முதல் தலைக்குத் திரும்பலாம். எந்த மிருகத்துக்கும் இந்த வழி பலிக்கும். வீட்டு ஆட்டையும் தெரு நாயையும் அப்படித்தான் வரைந்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி அந்தப் படங்களைக் கூடத்தில் மாட்ட விடவில்லை. சரி என்று என் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

அப்புறம் போர்ட் லூயி அருங்காட்சியகம். நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்க முடியாத பறவையான டோடோவின் எலும்புக்கூட்டின் முன்னால் நின்றும், நேரில் பார்த்து வரைவதைப் பற்றியேதான் ஆசிரியர் பேசினார். ஐரோப்பாவில் தீட்டப்பட்ட குண்டு டோடோக்களில் பல, பறவையைப் பார்க்காமலே ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்தவை. ஆனால் 1601-இல் கெல்டர்லாண்ட் என்ற டச்சுக் கப்பலில் வந்தவர்கள் நம் மண்ணில் வைத்தே தங்கள் பயணக் குறிப்பேட்டில் டோடோவை வரைந்தார்கள். ஆய்வாளர்கள் இன்றைக்கும் அந்தக் கோடுகளுக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குப் புல்லரித்தது.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கும் இது கிடைக்க வேண்டும். பாம்பிளெமூஸ் போய்வர நம் பழைய மாணவர் சங்கம் பஸ் ஏற்பாடு செய்யட்டும். லண்டன், பாரிஸ் நண்பர்கள் நிப்பும் மையும் வாங்கி அனுப்பலாம். எழுதும் நிப் வேண்டாம். அழுத்தினால் விரிந்து கொடுக்கும் மெல்லிய வரைகலை நிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.