நாலு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

போன மாதம் ரேஷன் கடையில் வாங்கிய 20 கிலோ அரிசியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன். பாதி ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து ஒரு மிதி மிதித்ததும் பெடல் சும்மா சுற்றிவிட்டது, முழங்கால் போய் ஹேண்டில்பாரில் மோதியது. செயின்தான் கழன்றிருக்கும் என்று குனிந்து பார்த்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பற்சக்கரமான ஃப்ரீவீல்தான் முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி சுற்றுகிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரிசியோடு தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பிரித்தேன். ஃப்ரீவீலின் முகப்பில் இரண்டு சின்னக் குழிகளோடு ஒரு வளையம் இருக்கும். அது இடது மரை, மூடுகிற பக்கமாகத் திருப்பினால்தான் திறக்கும். இது தெரியாமல் மணிக்கணக்காகச் சுத்தியால் அடித்தவர்களை எனக்குத் தெரியும் (அதில் நானும் ஒருவன்). உள்ளே பொடிப் பால்ரஸ் குண்டுகள் இரண்டு வரிசை, நகம் மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள், அவற்றைத் தூக்கி நிறுத்த முடி போன்ற கம்பி ஸ்பிரிங். அந்த நகங்கள் வெளி வளையத்தின் உட்பற்களில் மாட்டினால்தான் நம் மிதி சக்கரத்துக்குப் போகும். என்னுடையதில் ஒரு ஸ்பிரிங் உடைந்து கிடந்தது, இன்னொரு நகம் கெட்டிக் கிரீஸில் படுத்தபடி ஒட்டியிருந்தது. அந்தக் கிரீஸைத் திணித்தது வேறு யாருமில்லை, மழைக்காலம் முடிந்து வீட்டிலேயே ஓவராய்லிங் பண்ணுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்த நான்தான். குண்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் பரவாயில்லை, நகத்துக்கு மெல்லிய எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

சரி, புதுசு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அண்ணன் மூன்று நான்கை மேசையில் போட்டார். டிக் டிக் சத்தம் கணீரென்று வந்ததை நான் எடுக்க, "சத்தத்தைப் பார்த்து வாங்காத தம்பி, ஆட்டிப் பாரு" என்றார். உள்பகுதியை ஒரு கையில் பிடித்து வெளி வளையத்தைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். கொஞ்சம் அசைவு எல்லாவற்றிலும் இருக்கும், லொடலொட என்று ஆடுவதை ஒதுக்கிவிடலாம். அப்புறம் மெதுவாகச் சுற்றிவிட்டுப் பற்களின் விளிம்பைப் பார்க்க வேண்டும். வட்டம் கோணலாக இருந்தால் ஒரு சுற்றிலேயே செயின் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொங்கும்.

என்னைக் கேட்டால் முக்கியமானது முகப்பில் இருக்கும் வெட்டு. கழற்றும் டூல் மாட்டுகிற இடம் அது. மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மரையில் இறுகிக்கொண்டே போகும் என்பதால், இரண்டே வெட்டு உள்ளதில் டூல் வழுக்கி ஓரம் சிதைந்துவிடும். என் பழையதில் அப்படித்தான் ஆனது. கடைசியில் உள்பகுதியை வைஸில் கடிக்க வைத்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரி இரண்டு பேர் பிடித்துத் திருப்ப வேண்டியதாயிற்று. நாலு வெட்டு இருந்தால், ஆக்சில் நட்டைக் கொண்டு டூலை இறுக்கிப் பிடிக்கவைத்து ஒரு தம்மில் கழற்றிவிடலாம். மாட்டும்போதே ஹப் மரையில் கிரீஸ் தடவிவிடுங்கள், இங்கே தாராளமாகவே தடவலாம்.

பல் எண்ணிக்கையில் நான் குழம்பவில்லை. முன்னால் 44, பின்னால் 18, பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். 20 பல் போட்டால் 4.9 மீட்டர்தான், ஆனால் பாலத்தில் முழங்கால் வாழ்த்தும். சுமை ஏற்றுகிறவன் என்பதால் 20 வாங்கினேன், செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. கியர் சைக்கிளின் ஒல்லிச் செயின் இந்தத் தடித்த பல்லில் உட்காராது, 1/8 அங்குல அகலச் செயின்தான் வேண்டும்.

கலிபோர்னியாவில் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் ஒரு ஃப்ரீவீல் செய்கிறது, உள்ளே கார்ட்ரிட்ஜ் பேரிங் (குண்டுகளை ஒரே கூட்டுக்குள் அடைத்தது), பழுது பார்த்து வருடக்கணக்கில் ஓட்டலாம், விலை 100 டாலருக்கு மேல். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மொத்தச் சைக்கிளை விற்றாலும் அந்தக் காசு தேறாது. ஷிமானோவின் எம்எக்ஸ்30 அதைவிட மலிவு, கிடைத்தால் எடுங்கள், அதற்கான டூலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பழைய செயினைப் புது ஃப்ரீவீலில் மாட்டும்முன் ஸ்கேல் வைத்து அளந்தேன். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும், 1/8 நீண்டிருந்தால் பற்களையும் தின்றிருக்கும். என்னுடையது 1/8-ஐத் தாண்டியிருந்தது. கண்ணி சேர்த்த செயினை அப்படியே அண்ணனிடம் கொடுத்துவிட்டு, புதுச் செயினுக்கும் காசு எண்ணி வைத்தேன்.