இமேஜ் வியூவர்ல ஜூம் ஆப்ஷன் எப்படி இருக்கணும்

எந்த இமேஜ் வியூவரைத் திறந்தாலும் மெனுவுல ஒரு நீள லிஸ்ட் இருக்கும், விண்டோவுக்கு ஃபிட், அகலத்துக்கு ஃபிட், உயரத்துக்கு ஃபிட், ஸ்ட்ரெச், ஒரிஜினல் சைஸ், ஜூம் லாக்னு போய்க்கிட்டே இருக்கும். படிச்சுப் பாத்தா ஒண்ணும் புரியாது, ஒவ்வொண்ணா அமுக்கித்தான் பாக்கணும். ஏன்னா தனித்தனியா கேக்க வேண்டிய மூணு கேள்வியை ஒரே லிஸ்ட்ல போட்டுக் கலக்கிட்டாங்க. விண்டோவை விட பெரிய படம் வந்தா என்ன பண்றது, சின்னது வந்தா என்ன பண்றது, அடுத்த படத்துக்குப் போறப்ப இப்ப இருக்குற ஜூமை வச்சுக்கிறதா விட்டுடுறதா. அவ்வளவுதான் விஷயம்.

பெரிய படத்துல குழப்பமே இல்ல. 6000க்கு 4000 பிக்சல் போட்டோ, 1920க்கு 1080 ஸ்க்ரீன்ல முழுசா தெரியணும்னா 27% ஆக்கணும், முக்காவாசிப் பேருக்கு அதுதான் வேணும். ஆனா அதே ஃபிட் ஒரு 16க்கு 16 ஐகான் மேலயும் பாஞ்சா அது 67 மடங்கு ஊதி ஸ்க்ரீன் பூரா மங்கலா நிக்கும். ஐகானைத் திறக்குறவங்க அது நெஜத்துல எப்படித் தெரியுதுன்னு பாக்கத்தானே திறக்குறாங்க? அதனால ஃபிட்னா சுருக்குறது மட்டும்தான், அதுதான் டிஃபால்ட். பெருசாக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத் தனியா ஒரு டிக் பாக்ஸ் போதும்.

அடுத்து 100%. சிஸ்டம் ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகானெல்லாம் பெருசா தெரிய வைக்கிற செட்டிங்) 200% வச்சிருந்தா சில வியூவர்ல படத்தோட ஒரு பிக்சல் ஸ்க்ரீன்ல நாலு பிக்சலா விரியும், ஆனா கீழ 100%னுதான் போட்டிருக்கும். 150%ல இன்னும் மோசம், ஒரு பிக்சலை ஒன்றரையா ஆக்க முடியாதுல்ல, அதனால எல்லாமே லேசா மங்கிடும், ஃபோகஸ் சரியா விழுந்திருக்கான்னு பாக்குற போட்டோகிராஃபர் நல்ல போட்டோவை அழிச்சுடுவாரு. வியூவர்ல 100%னா படத்தோட ஒரு பிக்சலுக்கு ஸ்க்ரீன்ல ஒரு பிக்சல், அதுல சமரசமே கூடாது.

பைகியூபிக், லான்சோஸ்னு பேரெல்லாம் அடுக்கி யூசரையே ஃபில்டர் (சைஸை மாத்துறப்ப புது பிக்சலைக் கணக்குப் போடுற முறை) செலக்ட் பண்ணச் சொல்றதும் எனக்குப் பிடிக்கல. பெருசாக்குறப்ப பிக்சல் ஆர்ட்டுக்குக் கட்டம் கட்டமா, போட்டோவுக்கு ஸ்மூத்தா, இந்த ஒரு ஸ்விட்ச் போதும் (கட்டம்னா 2, 3, 4னு முழு மடங்கா இருக்கணும், 2.5ல வச்சா ஒரு கோடு ரெண்டு பிக்சல் தடிமன் பக்கத்துக் கோடு மூணு பிக்சல்னு கோணலாயிடும்). சுருக்குறதை சாஃப்ட்வேரே ஒழுங்கா செய்யணும். சாதா பைலீனியர் ஃபில்டர் சுத்தி இருக்குற நாலு பிக்சலைத்தான் பாக்கும், கால்வாசியா சுருக்குறப்ப 16 பிக்சல் ஒண்ணாகணும், மீதி 12 கணக்குலயே வராது, அதனாலதான் மெல்லிசு கோடு காணாமப் போறதும் கோடு போட்ட சட்டையில அலை அலையா வர்றதும். காமாவையும் பாக்கணும், அதாவது ஃபைல்ல இருக்குற பிக்சல் நம்பர் (கருப்பு 0, வெள்ளை 255) நெஜ வெளிச்சத்துக்கு நேர் விகிதத்துல இருக்காது. கருப்பும் வெள்ளையும் ஒண்ணுவிட்டு ஒண்ணா இருக்குற படத்தைச் சுருக்குனா சரியான சாம்பல் 188, நேரா சராசரி எடுத்தா 128 வந்து படமே இருண்டுபோகும்.

மவுஸ் வீல்ல பத்துப் பத்தா கூட்டுறதும் தப்பு, 10ல இருந்து 20 ரெட்டிப்பு, 400ல இருந்து 410 கண்ணுக்கே தெரியாது. பெருக்கணும். ஆனா 27%ல இருந்து ஒவ்வொரு தடவையும் 1.25ஆல பெருக்குனா 82க்கு அப்புறம் நேரா 103, அதனால 100ஐத் தாண்டுறப்ப அங்க ஒரு தடவை நின்னுட்டுப் போகணும்.

கடைசிக் கேள்விதான் அடுத்த படம். ஃபிட்ல இருந்தா அந்த மோடைத்தான் எடுத்துட்டுப் போகணும், 27ங்கிற நம்பரை இல்ல. நாமளா ஜூம் பண்ணியிருந்தா, அடுத்த படமும் அதே அளவா இருந்தா ஜூமும் இடமும் அப்படியே இருக்கட்டும், பர்ஸ்ட்ல (பட்டனை அமுக்கிப் பிடிச்சு சரசரன்னு) எடுத்த பத்து போட்டோவுல எதுல கண்ணு ஷார்ப்பா இருக்குன்னு அம்புக்குறி கீயை மட்டும் தட்டிப் பாத்துடலாம். அளவு வேறயா இருந்தா திரும்ப ஃபிட்டுக்கு வந்துடணும்.