டிசம்பர் 5-இல் மறைந்தவர்கள்

புதுச்சேரியில் டிசம்பர் 5 என்றால் ஸ்ரீ அரவிந்தரின் மகாசமாதி தினம். 1910 ஏப்ரல் 4 அன்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூருக்கு வந்து சேர்ந்த அவர், 1950-இல் மறையும்வரை நாற்பது ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார். மறைந்து நான்கு நாள்கள் கழித்துத்தான் ஆசிரம முற்றத்து மரத்தடியில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. சமாதியின் மேற்பரப்பு முழுவதும் பூக்களை வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஊதுவத்தி மணத்தினூடே வருவோர் குனிந்து, அதன் விளிம்பில் நெற்றியைப் பதித்து வணங்குவர்.

கல்கி காலமானதும் இதே தேதியில்தான், 1954-இல். அவருக்கு வயது 55. இன்னும் எவ்வளவோ எழுதியிருக்க வேண்டியவர் என்பதால் இம்மறைவே என்னை அதிகம் வருத்துகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவும் 1870-இல் இந்நாளில் மறைந்தார். வரலாற்றைத் தொடர்கதையாக்கி, அடுத்த அத்தியாயத்துக்காக வாசகரை ஏங்க வைத்த இருவருக்கும் ஒரே நாள் வாய்த்தது தற்செயலே என்றாலும், எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

1791-இல் மோட்சார்ட், 2013-இல் நெல்சன் மண்டேலா. 2016-இல் ஜெயலலிதா மறைந்தது இரவு 11.30 மணிக்கு என்பதால், அச்செய்தி 6-ஆம் தேதி பிறந்த பிறகே மக்களை எட்டியது.