ஐந்திலிருந்து ஏழே முக்கால் வரை

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்துக்கு எழுந்தால் ஏழே முக்காலுக்குப் பனியன் கம்பெனி வண்டி. நடுவில் இட்லி, சாம்பார், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ், அவருக்குத் தூக்குப்போசி, எனக்கு ஒன்று, அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை, பாப்பாவுக்கு ரெட்டைச் சடை, தம்பியைக் குளிக்க வைக்க ஒரு போராட்டம். இதில் எதையாவது குறைத்தே ஆக வேண்டும். இன்று வண்டிக்காரர் ஹாரன் அடித்ததும் ஒரு சடையோடு ஓடிவிட்டேன். இன்னொன்றை அத்தை பின்னிவிட்டார்களாம். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. ராத்திரி வரை பாப்பா என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல தண்ணி இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றிலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 25 சதவீதம் வரி. இருபத்தேழாம் தேதியிலிருந்து இன்னொரு 25. சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. நான் செக்கிங்கில் விரித்துப் பார்க்கிற குழந்தை டி-சர்ட் எல்லாம் அங்கே போகிறதுதான். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, பிசிறு நூல் என்றால் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். இதற்கு என்ன ஒட்டுவது?

அவரிடம் கேட்டால், "ஆர்டரை நிறுத்த மாட்டாங்க அம்மிணி, விலையைத்தான் குறைக்கச் சொல்லுவாங்க" என்கிறார். நூலைப் பின்னித் துணியாக்குகிற நிட்டிங்கில் இருக்கிறவருக்குத் தெரியாததா. ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பா போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே வாரம் முழுக்கச் சமையலுக்குத் தயார் பண்ணிவிடுகிற அம்மா. வரிசையாகக் கண்ணாடி டப்பா, பின்னால் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். நம்முடையது ஒற்றைக் கதவு. அதுவும் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான்.

இருந்தாலும் முடிந்ததைச் செய்து பார்த்தேன். பீன்ஸ், கேரட் நறுக்கி வைத்தால் மூன்று நாள் தாங்கும். வெண்டைக்காய், கத்தரிக்காய் ஆகவே ஆகாது. தேங்காயைத் துருவி ஐஸ் பெட்டியில் வைத்துவிடலாம். புளியைக் கரைத்து ஒரு கொதி விட்டு வைத்தாயிற்று. சின்ன வெங்காயம் உரிப்பதுதான் காலையைத் தின்கிற வேலை. அத்தை டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு கிலோ உரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் பொழுது போயிற்று.

மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார் அவர். நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், இதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆட்டுகிறது கிரைண்டர். அதைக் கழுவுகிறதுதான் நான்.

சாயங்காலம் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எந்தக் கிழமை என்ன டிபன், யார் என்ன வேலை. தள்ளி நின்று பார்த்தால் எல்லா வேலைக்கு நேரேயும் என் பெயர். வேலையைக் குறைக்கிற பட்டியலாம்! கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அயர்ன் அவர். சடை பாப்பாவே. தண்ணீர் பாட்டிலும் ஷூவும் தம்பி. மாத்திரை டப்பா அத்தையின் தலைமாட்டில், காலை ஒரு பக்கம், ராத்திரி ஒரு பக்கம்.

அவர் பட்டியலைப் படித்துவிட்டு, "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" என்றார். நான் மட்டும் எப்போது ஒத்துக்கொண்டேனாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவர் தேய்த்த யூனிஃபார்மைப் பாப்பா மறுபடி தேய்த்தாள். யார் தேய்த்தால் என்ன, நான் தேய்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ராத்திரி ஒன்றரைக்கு நல்ல தண்ணி. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. தண்ணீருக்குப் பட்டியல் போட முடியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் என்றதும் தம்பி ஆறு மணிக்கே குளித்துத் தலை சீவி நிற்கிறான். தினமும் கொடியேற்றினால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை இன்றிலிருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் எடுத்துவிட்டார்கள். அவர் கொஞ்சம் தெம்பாக வந்தார், வரும்போது தேங்காய் பன்னும் வாங்கி வந்தார். நூல் விலை இறங்கினால் ஏதோ சமாளிக்கலாம் என்கிறார். எங்கள் கம்பெனியிலோ பெட்டி கட்டி முடித்த சரக்கு மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடக்கிறது. சரக்கு வாங்குகிற பையர் பொறுக்கச் சொல்கிறானாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தம்பி பள்ளியில் இருபத்தாறாம் தேதியிலிருந்து காலைச் சாப்பாடு. கவர்மெண்ட் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. நகரத்தில் கவர்மெண்ட் உதவியோடு நடக்கிற எய்டட் பள்ளிகளுக்கு இப்போதுதான் வருகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும். தம்பி நாலாவது.

எனக்கு உடனே கணக்குதான் ஓடியது. காலையில் ஒரு டிபன் குறையும், அவனுக்கு ஊட்டுகிற கால் மணி நேரம் மிச்சம்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஊட்ல சோறில்லாத மாதிரி புள்ளைய அனுப்புவியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டைதான். அவர்தான் கை கழுவிக்கொண்டே, "நானும் சத்துணவு தின்னு படிச்சவன்தானம்மா. தட்டைத் தூக்கிட்டு வரிசைல நின்னது மறந்து போச்சா?" என்றார். அத்தை, "அன்னைக்கு நமக்கு இல்ல, நின்ன. இன்னைக்கு இருக்குதல்லோ" என்றார்கள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இருக்கிறதா என்பதுதானே இப்போது எல்லாருக்கும் கேள்வி.

எட்டே காலுக்கெல்லாம் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டுமாம். ஆட்டோ வருவதோ எட்டு நாற்பதுக்கு. கூட்டிக்கொண்டு போவது யார்? இதைப் பட்டியலில் எங்கே எழுதுவது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெங்காயம் உரிக்க அத்தை வரவில்லை. முட்டி வலியாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மயிலாப்பூர் பள்ளியில் முதல்வர் தொடங்கி வைத்ததை டிவியில் காட்டினார்கள். பஞ்சாப் முதல்வரும் வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்தது 2,429 பள்ளிகளாம்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது அத்தை! நான் கேட்கவே இல்லை. நான் வண்டியேறும்போது அத்தை நல்ல சீலை கட்டிக்கொண்டு நின்றார்கள். எப்படி என்னதான் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரப் போகிறார்களாம்.

கிச்சடி, சாம்பார். "கேரட் இருந்துச்சும்மா, தின்னுட்டேன்." வீட்டில் கேரட்டைப் பொறுக்கித் தட்டோரம் வைக்கிற பையன். கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. இன்றிலிருந்து 50 சதவீதம்.

ஆகஸ்ட் 30, சனி

சம்பளக் கவரோடு சொல்லிவிட்டார்கள். திங்களிலிருந்து ஒரு ஷிப்ட் மட்டும். ஒன்றரை இல்லை.

ஷிப்ட்டுக்கு 450. ஒன்றரை ஷிப்ட் ஆறு நாளைக்கு 4,050 வந்து கொண்டிருந்தது. இனி 2,700. சீட்டுப் பணம், பாப்பாவின் டேர்ம் ஃபீஸ், அத்தை மாத்திரை என்று பேப்பரில் எழுதி எழுதிக் கழிக்கிறேன், தொகை மாறவே மாட்டேன் என்கிறது. தீபாவளி அக்டோபர் 20. போனஸைப் பற்றி மேஸ்திரியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பஞ்சு வரிச் சலுகையை டிசம்பர் வரை நீட்டியிருப்பதாக அவர் சொன்னார். இந்தத் தடவை பன் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள் பாப்பா.

இத்தனை நாள் காலையில் கால் மணி, அரை மணி என்று பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்தேன். இப்போது சாயங்காலம் மூன்று மணி நேரம் சும்மா வந்து நிற்கிறது. காய் நறுக்கினேன், துணி மடித்தேன், பாப்பாவின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தாள். எட்டாவது கணக்கு இவ்வளவு கஷ்டமா?

செப்டம்பர் 3, புதன்

பொங்கலில் மிளகு பத்தவில்லை என்று அத்தை பள்ளியில் சமைக்கிற அக்காவிடமே சொல்லிவிட்டு வந்தார்களாம். முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி லீவு. எல்லாரும் வீட்டில். யாரும் பட்டியலைப் பார்க்கவில்லை, எல்லா வேலையும் எனக்கே.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவர் நிட்டிங்கில் இந்த வாரம் நாலு நாள்தான் ஓட்டம். ராத்திரி ஷிப்ட் கிடையாது. வீட்டில் இருக்கிற நாளில் மாவாட்டி, கிரைண்டரையும் அவரே கழுவி வைத்துவிடுகிறார். கல்லிடுக்கில் மாவு ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு மேஸ்திரி போன். ஐரோப்பா லாட் ஒன்று அவசரமாகப் போகிறதாம், நாளை ஒன்றரை ஷிப்ட், ஏழுக்கே வண்டி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் நாலே காலுக்காவது எழ வேண்டும். பீன்ஸ் இருக்கிறது. பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை