ஹோம் ஃபோல்டரை நெட்வொர்க்கில் வைக்கும்போது

ஆய்வு மாணவர்கள் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எந்த மெஷினில் லாகின் செய்தாலும் தங்கள் ஃபைல்கள் அங்கே இருக்க வேண்டும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது நியாயம்தான். அதனால் எல்லாருடைய ஹோம் ஃபோல்டரும் ஒரே ஸ்டோரேஜில் இருக்கிறது, ஒவ்வொரு சர்வரும் அதை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக மவுண்ட் செய்துகொள்கிறது, அதாவது தன் சொந்த ஃபோல்டர் போல இணைத்துக்கொள்கிறது. மவுண்ட் கட்டளை ஒரே வரி, யாரும் எழுதிவிடலாம். மெனக்கெட வேண்டிய விஷயங்கள் அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கின்றன.

முதலில் யூஐடி, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் சிஸ்டம் கொடுக்கும் எண். என்எஃப்எஸ்ஸை 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. அதன் வழக்கமான பாதுகாப்பு முறையில், கேட்கும் மெஷின் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதை ஸ்டோரேஜ் அப்படியே நம்புகிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண் விழும். ஒரு சர்வரில் 1000 ஒரு மாணவி, இன்னொன்றில் 1000 வேறொருவர் என்றால், ஃபோல்டரின் பெர்மிஷன் 700 ஆக (உரிமையாளருக்கு மட்டும்) இருந்தாலும் அந்த வேறொருவர் தாராளமாக உள்ளே போகலாம். நான்காம் பதிப்பில் பயனர் பெயரையே அனுப்பும் வசதி உண்டு. அதை நம்பி ஏமாற வேண்டாம். பயனர் யார் என்பதை உறுதிசெய்யும் கெர்பரோஸ் இல்லாத வரை, அனுமதி தருவதா மறுப்பதா என்பதை எண்தான் முடிவு செய்கிறது. எல்டாப் (பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் சேவை) வைத்து எல்லா சர்வருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் மவுண்ட் பக்கம் போவேன். கூடவே ஒன்று: எண்ணை அப்படியே நம்பும் இந்த முறையில் ஒருவருக்கு 16 குரூப்கள் வரைதான் கணக்கில் வரும். பல புராஜெக்ட்களில் இருப்பவர்களுக்குப் பதினேழாவது குரூப்பின் ஃபோல்டர் திறக்காது, காரணமும் லேசில் பிடிபடாது.

எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) எழுதி பூட்டிலேயே மொத்த ஹோமையும் மவுண்ட் செய்வதை நான் விரும்புவதில்லை. ஸ்டோரேஜ் எழுந்திருக்காத நேரத்தில் சர்வர் பூட் ஆனால், பூட்டே பாதியில் நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. ஆட்டோஎஃப்எஸ் நல்ல ஏற்பாடு. யாராவது தன் ஃபோல்டரைத் தொட்டால் அதை மட்டும் மவுண்ட் செய்யும், கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானே கழற்றிவிடும். எந்தப் பெயருக்கு எந்தப் பாதை என்று சொல்லும் மேப் ஃபைலில் ஒரே வரி போதும். இடப்பக்கம் *, வலப்பக்கம் ஸ்டோரேஜின் பாதை முடியும் இடத்தில் &. யார் பெயரில் கேட்டாலும் அந்தப் பெயர் & இருக்கும் இடத்தில் போய் உட்காரும். ஆனால் /ஹோம் முழுவதையும் ஆட்டோஎஃப்எஸ் எடுத்துக்கொள்வதால், ஏற்கெனவே அங்கே லோக்கல் டிஸ்க்கில் இருந்த ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழியவில்லை, அடியில் கிடக்கின்றன, இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தொடங்கும் முன் அவற்றை நகர்த்திவிடுவது நல்லது.

இனி ஹார்டா சாஃப்ட்டா என்ற கேள்வி. இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஸ்டோரேஜ் பதில் சொல்லாதபோது ஹார்ட் மவுண்ட் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை புரோகிராம் அப்படியே நிற்கும், டெர்மினல் உறைந்துபோகும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று பார்க்கச் சும்மா டிஎஃப் அடித்தால்கூடத் திரும்பி வராது. சாஃப்ட் மவுண்ட் சில முயற்சிகளுக்குப் பிறகு பிழை என்று சொல்லிக் கைவிடும். உறைவது எரிச்சலாக இருப்பதால் பலர் சாஃப்ட் போடச் சொல்கிறார்கள். ஹோம் ஃபோல்டருக்கு அதைச் செய்யவே கூடாது. எழுதும்போது வரும் பிழையை எத்தனையோ புரோகிராம்கள் சரிபார்ப்பதே இல்லை. ராத்திரி முழுக்க ஓடிய கணக்கின் விடை பாதி மட்டும் டிஸ்க்கில் இறங்கியிருக்கும், புரோகிராமோ முடிந்துவிட்டது என்று சொல்லும். அந்த மாணவர் ஆறு மாதம் கழித்து அதே ஃபைலை வைத்துக் கட்டுரை எழுதுவார். ஹார்டில் ஸ்டோரேஜ் திரும்பி வந்ததும், நின்ற இடத்திலிருந்து வேலை தொடரும். காத்திருக்கும் புரோகிராமை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், கில் சிக்னல் 9-க்கு அது பணியும். 2.6.25 கர்னலிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

ஸ்டோரேஜ் பக்கத்தில் இருக்கும் ரூட் ஸ்குவாஷ் என்ற அமைப்பை எடுத்துவிடாதீர்கள். அது இருக்கும் வரை சர்வரின் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு), ஸ்டோரேஜின் கண்ணுக்கு யாரோ ஒரு அநாமதேயர். ஒரு சர்வர் தவறான கைக்குப் போனாலும், அங்கே ரூட் ஆனவர் ரூட்டாகவே எல்லாருடைய ஃபோல்டருக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. பதிலுக்கு ஒரு சிரமம் உண்டு. முதல் லாகினில் ஹோமை உருவாக்கும் பேம் மாட்யூல் ரூட்டாக ஓடுவதால், இங்கே வேலை செய்யாது. நான் கணக்கு தொடங்கும்போதே ஸ்டோரேஜ் பக்கத்தில் ஃபோல்டரை உருவாக்கி, உரிமையாளரையும் மாற்றிவிடுகிறேன்.

ரெட்ஹேட் வகை மெஷின்களில் எல்லாம் சரியாக இருந்தும் எஸ்எஸ்எச் கீயை (பாஸ்வேர்ட் இல்லாமல் லாகின் செய்ய உதவும் சாவி) ஏற்காமல் பாஸ்வேர்ட் கேட்டால், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். என்எஃப்எஸ் ஹோமை அனுமதிக்க அதில் தனியாக ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) இருக்கிறது. அதை ஆன் செய்யும் வரை பெர்மிஷனை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

பிரவுசரும் பைத்தான் பேக்கேஜ் கருவிகளும் ஹோமுக்குள் கேஷ் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கொட்டும். நெட்வொர்க் வழியாக ஒவ்வொன்றையும் திறந்து மூடுவது மெதுவாகத்தான் நடக்கும். கேஷ் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிளை லோக்கல் டிஸ்க்குக்குத் திருப்பிவிட்டால் லாகினிலேயே வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, ஒவ்வொரு சர்வரிலும் ஓர் அட்மின் கணக்கின் ஹோமை லோக்கல் டிஸ்க்கில், /ஹோமுக்கு வெளியே வையுங்கள். ஸ்டோரேஜ் விழுந்த நேரத்தில் நெட்வொர்க் ஹோம் உள்ளவர்கள் லாகின் செய்தால் பிராம்ப்டே வராது. அந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க இந்தக் கணக்கு வேண்டும்.