மசித்கானி முக்டா சம்மில் உட்கார்ந்தது

மெட்டில் விரல் அழுத்தாமல், தந்தி மேல் எஃகு உருளையை நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு கிதாரில், யமன் ராகத்தில் ஒரு மசித்கானி கத் (சிதாரிலிருந்து வந்த மெதுவான உருப்படி வகை) எடுத்துக்கொண்டேன். அதன் முக்டா, அதாவது தாளச் சுற்றின் முதல் அடியான சம்முக்கு இட்டுச்செல்லும் தொடக்க வரி, ஒருவழியாகத் தபலாவோடு சம்மில் சரியாக உட்கார்ந்துவிட்டது. விலம்பித் தீன்தால் (மெதுவான ஓட்டத்தில் 16 மாத்திரைத் தாளம்), நிமிடத்துக்கு 50 மாத்திரை. காந்தாரத்தில் வந்து இறங்கியபோது தபலா வாசிக்கும் தாதா (வங்காளியில் அண்ணன்) வாசிப்பை நிறுத்தாமலேயே தலையை ஆட்டினார். அடுத்த ஆவர்த்தனத்திலும் அதே இடம், அதே இறக்கம். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், மாடி வீட்டில் தபலா வாசிக்கும் இந்தத் தாதாதான். எலக்ட்ரானிக் தபலாப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஒரு இடத்தை நான் தாண்டியிருக்கவே முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மசித்கானியின் எடுப்பு 12-ஆவது மாத்திரையில். சிதார், சரோத்காரர்களின் மீட்டு வரிசை 'திரி தா திரி தா ரா', அதன் பிறகு சம்மில் 'தா'. நான் வைத்துக்கொண்ட ஸ்வரங்கள்: கக, ரி, சச, நி, ரி, அப்புறம் சம்மில் க. எல்லாமே பன்னிரண்டாவது மெட்டைச் சுற்றி ஒரே தந்தியில் முடிந்துவிடும். தந்தி தாண்டவே வேண்டாம். 'திரி' (ஒரே மாத்திரையில் இரண்டு மீட்டு) வரும் இடத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி மீட்டினால் போதும்.

சிக்கல் 16-ஆவது மாத்திரைக்கும் சம்முக்கும் நடுவில். சிதாரில் அந்த 'தா' ஒரு வெட்டு மாதிரி விழும். விரல் மெட்டில் இருக்கிறது, மிஸ்ராப் (விரலில் மாட்டும் மீட்டுக்கம்பி) தந்தியில் படுகிறது, காந்தாரம் அந்த நொடியில் பிறக்கிறது. ஸ்லைடில் அதே மாதிரி செய்ய வேண்டுமென்றால் உருளை முன்னாடியே காந்தாரத்துக்குப் போய் நின்றுகொண்டு காத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ரிஷபம் பாதியில் அறுந்துபோகும், காந்தாரம் மொட்டையாகக் கேட்கும். சரி, ரிஷபத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு சம்மில் மீட்டிவிட்டு அதன் பிறகு இழுத்தால்? காந்தாரம் வந்து சேர்வதற்குள் தபலாவின் 'தா' போயே போய்விடும். கேட்பவருக்கு நாம் தாமதமாக வந்ததாகத்தான் தோன்றும்.

பலன் தந்த வழி இதுதான்: சம்மில் மீட்டவே கூடாது. 16-இல் ரிஷபத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி மீட்ட வேண்டும். மாத்திரையின் முதல் பாதி முழுக்க உருளை அசையக் கூடாது. இரண்டாம் பாதியில் கிளம்பி, தாதாவின் 'தா' விழும் அதே நொடியில் காந்தாரத்தில் போய் நிற்க வேண்டும். நம் தந்தியில் புது மீட்டு இல்லை. அந்த ஸ்வரத்துக்கு வேண்டிய அடியைத் தபலா கொடுத்துவிடுகிறது. சரியாகச் சேரும்போது காந்தாரத்தையே தபலாதான் மீட்டியது என்று காது நம்பிவிடுகிறது. இரண்டாவது மாத்திரையில்தான் என் விரல் மறுபடி தந்தியைத் தொடும்.

இதற்குத் தாளத்துக்குள்ளேயே ஒரு துப்பு இருக்கிறது. தீன்தால் தேகாவில் (தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டில்) 9-ஆவது மாத்திரையில் காலி, அதாவது தட்டாமல் கையை வீசும் இடம். ஆனால் பாயானின் (தபலா ஜோடியில் இடக்கை வாத்தியம்) கும்மென்ற நாதம் நிஜமாகவே மறைவது 10-இலிருந்து: 'தின் தின் தா' (tin tin ta) என்று 12 வரை, 13-இலும் 'தா' (ta). 14-இல் லேசான 'தின்' (tin) கனமான 'தின்'னாக (dhin) மாறி, பாயான் திரும்ப வந்துவிடுகிறது. அதாவது முக்டா கிளம்புவது பாயான் இல்லாத வெறும் இடத்தில். நடுவழியில் அடிநாதம் வந்து சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து சம் வரைக்கும் தாதா இடது மணிக்கட்டின் அடிப்பாகத்தைத் தோலின் மீது மெல்ல முன்னால் தள்ளுவார், சுருதி ஏறும். பாயானும் மீண்ட் (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுப்பு) வாசிக்கிற வாத்தியம்தான்! 16-இல் அவர் கை முன்னால் நகர்கிறது, என் உருளையும் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு நகர்கிறது. இரண்டு இழுப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக முடியும்போது வருகிற நிறைவைத் தபலாப் பெட்டி தரவே தராது. அதன் பாயான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரிதான் ஏறும், என்னைக் கேட்டுக்கொண்டு ஏறாது.

சரிபார்க்க ஃபோனில் பதிவுசெய்து கணினியில் போட்டுப் பார்த்தேன். சாதாரண அலைவடிவத்தில் ஒன்றும் தெரியாது. தபலா அடி ஊசி மாதிரி நிற்கும், மீட்டப்படாத ஸ்வரத்துக்கு ஊசியே கிடையாது. ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் படம்) மாற்றினால் எல்லாம் தெளிவு. மீண்ட் சாய்வாக ஏறும் கோடு, அது படுக்கையாகும் இடம்தான் காந்தாரம். அந்த வளைவு 'தா'வின் செங்குத்துக் கோட்டுக்கு நேராக வந்தால் வெற்றி. இன்னொன்றும் தெரிந்தது: வந்து சேர்ந்தவுடனே கையை ஆட்டி அசைவு கொடுத்தால் வளைவு குழம்பிவிடுகிறது. அரை மாத்திரையாவது காந்தாரம் அசையாமல் நிற்க வேண்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். என் கிதாரின் தந்தி நீளம் 635 மில்லிமீட்டர். பதினாறாவது மெட்டின் கம்பிக்கு நேராக உருளையை வைத்தால் கிடைப்பது கீபோர்டு காந்தாரம். தம்பூராவின் சட்ஜத்துக்குள் ஐந்தாவது ஹார்மோனிக்காக (சட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்கு) ஒலிக்கும் காந்தாரம் அதைவிடக் கிட்டத்தட்ட 14 சென்ட் (ஒரு மெட்டு இடைவெளிக்கு 100 சென்ட்) கீழே. கணக்குப் போட்டால் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். தாதாவின் தாயான் (வலக்கைத் தபலா) சட்ஜத்தில் சுத்தமாகச் சேர்ந்திருக்கும் நாளில் இந்த 2 மில்லிமீட்டர் வித்தியாசம் நன்றாகவே கேட்கிறது. மெட்டைப் பார்க்காமல் தம்பூராவைக் கேட்டு நிறுத்துவதுதான் ஒரே வழி. கோட்டுவாத்தியக்காரர்களுக்கு மெட்டே கிடையாது என்பதை நினைத்தால் அவர்கள் மீது மரியாதை இன்னும் கூடுகிறது.

உருளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த முறையில் 16-இல் மீட்டிய நாதம் ஒரு மாத்திரை தாண்டியும் உயிரோடு இருக்க வேண்டும். 50 மாத்திரை ஓட்டத்தில் அது 1.2 நொடி. அப்புறம் சம்மிலும் ஒரு மாத்திரை நிற்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய குரோம் பூச்சுக் குழாயில் நாதம் பாதி வழியிலேயே செத்துவிடும். போதாக்குறைக்குப் பூச்சும் உரிந்தது, உரிந்த இடம் சுற்றுத்தந்தியில் பட்டால் கரகரப்பு. விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை. கடைசியில் ஹௌரா பெலிலியஸ் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் 304 கிரேடு துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கினேன். 19 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் நீளம், முன்முனை உருண்டை, பின்முனையில் கட்டைவிரல் உட்கார ஒரு குழி. எடை ஏறக்குறைய 175 கிராம். உப்புத்தாள் போடும்போது உருளையை லேத்திலேயே சுழலவிட்டு 400-இலிருந்து 2000 வரை படிப்படியாகப் போகச் சொல்லுங்கள். அப்போதுதான் மிச்சமிருக்கும் நுண்கீறல்கள் தந்தி ஓடும் திசையிலேயே இருக்கும். கையால் நீளவாக்கில் தேய்த்தால் தந்தி ஒவ்வொரு கீறலையும் ஏறி இறங்கும், 'ஸ்ஸ்' என்ற சத்தம் மைக்கில் அப்படியே விழும். கனம் கூடியதில் தாராளமாக நாதம் கிடைத்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் உருளைக்குப் பின்னால் தந்தியைத் தொட்டபடி கூடவே வரவேண்டிய அவசியமும் கூடிவிட்டது. இல்லாவிட்டால் உருளைக்கு அந்தப் பக்கத்துத் தந்தித் துண்டும் சேர்ந்து முனகும்.

சம்மில் சிகாரியை (சட்ஜத்தில் ஒலிக்கும் பக்கத் தந்தி) ஒரு தட்டு தட்டி அடியைக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தேன். விலம்பித்தில் தபலாவின் 'தா'வும் சிகாரியும் ஒரே இடத்தில் விழுந்து காந்தாரத்தை அமுக்கிவிடுகின்றன. சிகாரியை ஜாலாவுக்கு (முடிவில் வரும் வேகப் பகுதி) வைத்துக்கொள்வதே நல்லது.

ஸ்லைடு கிதார் கலைஞர் பிரிஜ் பூஷண் கப்ராவின் பழைய பதிவுகளை மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டால் பலருக்கும் அவரைத் தெரியும். சரோத் மேதை அலி அக்பர் கானின் சீடர் என்றாலும் அவர் வாசிப்பில் என் காதில் முதலில் விழுவது பாட்டின் இழுப்புதான். அவருடைய சீடர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா அதே கருவியில் தான்களை (வேக ஸ்வர வரிசைகளை) எவ்வளவு வேகமாக வெட்டி வாசிக்கிறார் என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உருளையும் மீட்டும் இம்மி பிசகாமல் சேர வேண்டும். விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணைக்கு (அவர் மாற்றியமைத்த ஸ்லைடு கிதார்) 1994-இல் கிராமி கிடைத்த பிறகுதான் வெளியூர் நண்பர்களுக்கு இந்த வாத்தியத்தை விளக்குவது சுலபமாயிற்று.

துருத் ரஸாகானிக்கும் (வேகமான கத் வகை) திஹாயிக்கும் (மூன்று தடவை வந்து சம்மில் முடியும் சொற்கட்டு) மேலே சொன்ன முறை உதவாது. அங்கே சம்மில் மீட்டியே ஆக வேண்டும். தாதாவிடம் ஒரு திஹாய் கேட்டு வாங்கியிருக்கிறேன்: ஐந்து மாத்திரைச் சொல் மூன்று தடவை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி, ஆக 17. சம்மில் தொடங்கினால் கடைசி மீட்டு அடுத்த சம்மில் விழும். அந்த ஒரு மாத்திரை இடைவெளிதான் உருளையைத் தந்தியிலிருந்து லேசாகத் தூக்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக் கிடைக்கும் நேரம். காலியில் தொடங்கும் குட்டித் திஹாயில், மும்மூன்று மாத்திரையாக 9-இலிருந்து சம் வரை, அந்த மூச்சு கிடையாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கத்தின் மஞ்ஜா (நடுப்பகுதி) இன்னும் கைக்கு வரவில்லை, மேல்ஸ்தாயிப் பகுதியான அந்தராவைத் தொடவே இல்லை. ஆனாலும் மனசு தரப் தந்திகளுக்கு (மீட்டாமலே உடன் அதிரும் தந்திகள்) ஓடுகிறது. லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் சிதார் உதிரிகள் விற்கும் கடைகளில் பிருடைகளை விசாரித்து வைத்திருக்கிறேன். கழுத்தின் பக்கவாட்டில் தனி மரத்துண்டு ஒட்டி அதில் துளை போடுவதா, கழுத்திலேயே போடுவதா என்று முடிவாகவில்லை. ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிதாரில் இதைச் செய்து பார்த்தவர்கள் பருவமழை ஈரத்தில் ஒட்டிய துண்டு நிற்கிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும். தாதாவின் தாயானுக்குப் புதுப் புடி (தோல் முகம்) போட்டாக வேண்டும், இந்த ஈரத்தில் இப்போதிருப்பது டி சுருதியில் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அதுவரை முக்டாவையே 50-இலிருந்து 60-க்கு ஏற்றிப் பார்க்கப்போகிறோம். அங்கே ஒரு மாத்திரைக்கு ஒரே ஒரு நொடிதான். பாதி நின்று பாதி நகரும் கணக்கு அந்த வேகத்தில் தாங்குகிறதா என்று பதிவுசெய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.