எடுத்த பாதத்தின் முன்னால்

அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஆறு வருடங்களில் 'எதற்காக வாழ்கிறோம்' என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்ற நேரம் ஏது? விடிகாலை நாலரைக்கு மாத்திரை, ஆறு மணிக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவர் போன பிறகும் நாலரைக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமில்லை. அந்த இருட்டில்தான் கேள்வி வந்தது. சரி, இனி எதற்கு?

சிதம்பரத்துக்குக் கிளம்பியதற்குக் காரணம் அம்மாவின் பாட்டுதான். கடைசி மாதங்களில் என் பெயர்கூட அவருக்கு மறந்துவிட்டது. சிதம்பரத்து நடராஜரைப் பாடும் அப்பர் தேவாரம், 'குனித்த புருவமும்', அது மட்டும் மறக்கவில்லை. 'இனித்தமுடைய' என்ற இடம் வந்ததும் குரலை நீளமாக இழுத்து, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் 'எடுத்த பொற்பாதமும்' என்று போவார். ஏன் அங்கே நிற்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

கீழைக் கோபுரம் வழியாக உள்ளே போனேன். வாசலின் இருபக்கச் சுவர்களிலும் நூற்றெட்டுக் கரணங்கள், நடன நிலைகள். ஒவ்வொரு கல்லிலும் ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுவேன். அன்று அவசரம் எதுவும் இல்லாததால் நின்று பார்த்தேன். ஒரு ஆட்டம் எந்த இடத்தைப் போய்ச் சேருவதற்காக ஆடப்படுகிறது? நடப்பவனைக் கேட்டால் ஊர்ப் பெயர் சொல்வான். ஆடுகிறவளிடம் அந்தக் கேள்வியே நிற்காது.

நடராஜர் ஆடும் பொன்னம்பலத்தின் முன்னால் நல்ல கூட்டம். கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு அது என்றும் சொல்வார்கள். அம்மாவின் மூச்சைக் கடைசி இரவில் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கூரையைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

காலைப் பூசையில் இரத்தினசபாபதியை எடுத்து வந்தார்கள். மாணிக்கத்தில் செய்த சிறிய நடராஜர். அபிஷேகம் ஆனதும் தீட்சிதர் முன்பக்கம் தீபம் காட்டினார். அடர்ந்த சிவப்பில் ஒரு சிறு உருவம், அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு தீபத்தைப் பின்பக்கம் கொண்டுபோனார். ஒரே நொடியில் கல் முழுவதும் தணலாகிவிட்டது. தூக்கிய கால் தனியாக, திருவாசி தனியாக, உள்ளிருந்தே எரிவதுபோல ஒளிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் 'அப்பனே' என்று ஒரு சொல் சொன்னார். தீபம் நகர்ந்ததும் மறுபடி கல்.

கல்லூரியில் தத்துவம் படித்தவள் நான். அரிஸ்டாட்டில் எந்தப் பொருளுக்கும் நான்கு காரணம் கேட்பார்: எதனால் ஆனது, என்ன வடிவம், யார் செய்தது, எதற்காக. அந்த நான்காவதுதான் என்னை வாட்டிய கேள்வி. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945-ல் பாரிஸில் ஆற்றிய உரையில் காகிதம் வெட்டும் கத்தியைக் காட்டிப் பேசினார். கத்தி எதற்கு என்று செய்கிறவனுக்கு முன்பே தெரியும். மனிதனுக்கு அப்படி முன்கூட்டி வகுத்த நோக்கம் கிடையாது, முதலில் இருக்கிறான், பிறகு தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்றார். இருபது வயதில் அது எனக்கு விடுதலையாக இருந்தது. நாலரை மணி இருட்டில் அது போதவில்லை.

நம் சைவ சித்தாந்தமும் உதாரணத்துக்கு ஒரு கைவினைஞனைத்தான் பிடிக்கிறது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆனால் பானை யாருக்கு? குயவன் தனக்காக அத்தனை பானை வனைவதில்லை. உலகமும் அப்படித்தான், இறைவனுக்காக அல்ல, உயிர்களுக்காக என்கிறது சித்தாந்தம். நடராஜ வடிவமே அதன் படம்: உடுக்கையில் படைத்தல், அபயம் காட்டும் கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், எடுத்த பாதத்தில் அருளல். முதல் நான்கும் அந்த ஐந்தாவதற்காக.

இந்தத் தொழில்களை அவன் ஏன் செய்கிறான் என்ற கேள்வியை, 13-ஆம் நூற்றாண்டின் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் நேராகவே எடுத்துக்கொள்கிறார். 'முன்னவன் விளையாட்டு என்று மொழிதலும் ஆம்' என்கிறார். அதே பாட்டில், உயிர்களைப் பற்றிய ஆணவம் முதலான மலங்களைத் துடைத்துப் போகமும் முத்தியும் தரவே என்றும் சொல்லலாம் என்கிறார். படித்த காலத்தில் இரண்டில் எது சரி என்று மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது அந்தச் சண்டையே வேண்டாம் என்று தோன்றுகிறது. குழந்தையைக் கைப்பிடித்து நடக்கவைக்கும் அம்மாவைப் பாருங்கள். அவளுக்கு அது விளையாட்டு. அந்த விளையாட்டில்தான் குழந்தைக்கு நடை வருகிறது.

சிதம்பர ரகசியத்துக்கு முன்னால் நின்றேன். தீட்சிதர் திரையை விலக்கினார். தங்க வில்வ மாலைகள் தொங்கின. வேறு உருவம் இல்லை. ஆகாயமே அங்கே இறைவன். முன்பெல்லாம் 'ஒன்றுமே இல்லையே' என்று நினைத்ததுண்டு. அன்று மாலைகளைத்தான் பார்த்தேன். வெறும் வெளிக்கு யாரோ தினமும் விளக்குக் காட்டுகிறார்கள், பூசை செய்கிறார்கள். அந்த வெளியிடம் யாரும் 'எதற்கு இருக்கிறாய்' என்று கேட்பதில்லை. திரை மூடிவிட்டது. எனக்குள் ஏதோ தளர்ந்து கண்ணீர் வந்தது.

மதியம் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்து அப்பரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறவி வேண்டாம், பிறவி வேண்டாம் என்றுதான் அடியார்கள் கெஞ்சுவார்கள். இவர் ஒருவர் இந்தத் தில்லையில் நின்று, எடுத்த பொற்பாதம் காணக் கிடைத்தால் 'மனித்தப் பிறவியும் வேண்டுவதே' என்கிறார். சொகுசாக வாழ்ந்தவர் சொன்ன சொல் இல்லை. சூலை என்ற வயிற்று நோயில் துடித்தவர். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்டவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதற்கு முந்தைய அடியை விட்டுவிடுகிறோம்: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்'. தாங்குவது அவன் பொறுப்பு. ஆறு வருடம் அம்மாவை நான்தான் தாங்கினேன் என்று நினைத்திருந்தேன். என்னை யார் தாங்கினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரவின் கடைசிப் பூசையான அர்த்தஜாமம் வரை இருந்துவிட்டேன். எல்லாத் தலங்களின் இறைசக்தியும் அந்த நேரத்தில் தில்லைக்கு வந்து சேர்வதாக நம்பிக்கை. சுவாமியின் பாதுகை பல்லக்கில் பள்ளியறைக்குப் புறப்படும் நேரம். கூட்டம் குறைந்திருந்தது. பகலில் தலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த இடது பாதத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். தூக்கி, வளைந்து, மாலைகளுக்கு நடுவே அமைதியாக இருந்தது.

அடியார் கூட்டம் ஒன்று கீழே நின்று பாடத் தொடங்கியது. குனித்த புருவமும். எனக்குக் குரல் சரியாக வராது. இருந்தும் சேர்ந்து பாடினேன். பனித்த சடையும், பவளம்போல் மேனியும், பால்வெண்ணீறும் வந்தன. 'இனித்தமுடைய' வந்தபோது அவர்கள் நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். நான் அந்தப் பாதத்தைப் பார்த்தபடி, அம்மா இழுப்பதுபோலவே இழுத்துக்கொண்டு நின்றேன்.